ஞானம்பாள் அத்தைக்கு ஒரு துட்டிக் கார்டு

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்துக்கு நான் கொலைகாரன் ஆகிவிடுவேன். "அம்பலவாணன் சிவசைலம் மாமாவைக் கொன்ன கதை தெரியுமா மாப்ளே உங்களுக்கு?" என்று யாராவது புதுமாப்பிள்ளையிடம் ஆரம்பிப்பார்கள். நாற்பத்தோரு வருடமாக இது நடக்கிறது. நானும் கூட உட்கார்ந்து சிரிப்பேன். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்.

கதை இதுதான். 1983ஆம் வருடம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வருகிற தபாலை எல்லாம் அப்பாவுக்கு நான்தான் வாசித்துச் சொல்வேன். ஒருநாள் ஒரு துட்டிக் கடிதம் வந்தது. அதைத் தப்பாக வாசித்து, ஆழ்வார்குறிச்சி சிவசைலம் மாமா இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். சாவுச் செய்தி வந்த கடிதத்தை வீட்டில் வைக்கக் கூடாது, வாசித்த கையோடு கிழித்துப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் கிழித்தும் போட்டுவிட்டேன். வீடே தலைமுழுகியது. என் தங்கை நீலாம்பாள், மாமாவின் மனைவி ஞானம்பாள் அத்தைக்குத் துட்டி கேட்டு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். அங்கிருந்து பதில் ஏதும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் சிவசைலம் மாமா நெற்றி நிறையத் திருநீறோடு அப்பா முன்னால் வந்து நின்றார். "அத்தான், நான் செத்து எட்டு மாசமாச்சு. நீங்க இன்னும் வீட்டுக்கு வந்து துட்டி கேக்கலையே" என்றார்.

இந்த இடத்தில் எல்லாரும் சிரிக்க வேண்டும். உயிரோடிருப்பவர் செத்ததாகச் சேதி பரவினால் அவருக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். மாமா தொண்ணூற்றொரு வயது வரை இருந்தார். கதையை அவரே பத்துக் கல்யாணத்தில் சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரே ஒரு இடம்தான் பொய். அதைச் சொல்லாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். அன்றைக்கு வந்தது துட்டிக் கடிதம் அல்ல. நீலாவுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த இன்டர்வியூ கார்டு.

அவள் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தாள். நான் பி.எஸ்ஸி. முடித்து நாலு வருடமாகச் சும்மா இருந்தேன். சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றிருந்தேன். ரதவீதியில் நடந்தால் ஜவுளிக்கடை அண்ணாச்சிகள் "என்ன தம்பி, ஏதும் அமைஞ்சுதா?" என்று கேட்பார்கள் என்பதற்காகவே சந்து வழியாகச் சுற்றிப் போவேன். அதற்கு முந்தின நாள்தான் அப்பா சாப்பிடும்போது சொன்னார். "நீலாவுக்கு வந்துட்டா வீட்டுக்கு ஒரு சம்பளம் ஆச்சு. நீ பைய தேடிக்கலாம்லே. அவசரமில்ல." அவர் குத்திச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். தபால்காரர் பாக்கியசீலன் ஜன்னல் வழியாகக் கார்டைப் போட்டுவிட்டுப் போனார். எடுத்துப் பார்த்தேன். செல்வி அ. நீலாம்பாள். 20.6.83 காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். இரண்டு தடவை வாசித்தேன். கிழிக்க வேண்டும் என்று முடிவெடுத்துக் கிழித்தேனா, கை தானாகக் கிழித்ததா என்று பல வருடம் எனக்கு நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். கை தானாக எதுவும் செய்யாது. நான்தான் கிழித்தேன்.

கட்டிலில் பச்சைத் துணி மறைத்த கண்ணோடு படுத்திருந்த அப்பாவுக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும். "என்னத்தலே கிழிக்கே?" என்றார்.

எங்கள் வீட்டில் தபால் எதையும் கிழிக்க மாட்டார்கள். வாசற்கதவுப் பக்கம் ஆணியில் ஒரு கம்பி தொங்கும். கீழே வட்டமாக ஒரு மரத்துண்டு, மேலே கொக்கி. வருகிற கடிதத்தையெல்லாம் நடுவில் குத்தி அதில் இறக்கிவிடுவோம். கிழிப்பது என்றால் ஒரே ஒரு காரணம்தான். அப்பா மறுபடி என்ன என்று கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "யாருலே?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு இருந்தது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் என் புத்தி வேலை செய்த அழகை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பங்காளியைச் சொன்னால் தீட்டு, கோயிலுக்குப் போக முடியாது, அப்பா துருவித் துருவிக் கேட்பார். நெருங்கின சொந்தத்தைச் சொன்னால் கண்ணில் கட்டோடு இப்போதே கிளம்பிவிடுவார். ஒரு முழுக்கோடு போகிற தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும். அப்பாவுக்குத் தாய்வழியில் சுற்றிவளைத்து மைத்துனர் முறை வருகிற சிவசைலம் மாமா கிடைத்தார். பரீட்சையில் நான் தோற்றபோது என்னைத் திட்டாத ஒரே பெரிய மனிதர் அவர். "விடுலே, பேப்பர் திருத்துனவனுக்கு அன்னைக்கு வயித்து வலி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனவர். அவரைத்தான் கொன்றேன்.

"பதினாறு கழிஞ்சுட்டாம்பா. யாரும் மெனக்கெட்டு வர வேண்டாம்னு எழுதியிருக்காவ" என்றேன். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. தங்குதடையில்லாமல் வந்தது. நாலு துண்டாக இருந்ததைத் தெருவாறுகாலில் போட்டேன். சாக்கடைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

நீலா அடுப்பை அணைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் இறைத்தாள். அப்பா தலைக்கு ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "உங்களுக்குக் கழுத்து வரைக்கும் போதும். உங்களுக்கும் சேத்து நான் தலைக்கு ஊத்திக்கிடுதேன்" என்று அவருக்கு ஊற்றிவிட்டு, ஆறேழு வாளி தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். நான் கடைசியாகக் குளித்தேன். ஈரத்தலையோடு அவள் வாசலுக்குப் போய்த் தபால்காரர் திரும்பி வருகிறாரா என்று பார்த்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கூடப் படித்த பாளையங்கோட்டை சாரம்மாளுக்குக் கார்டு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் அவளே அந்த அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். கார்டு அனுப்பினோம், நீங்கள் வரவில்லை, அடுத்த நம்பருக்குப் போய்விட்டது என்றார்கள். அப்பா தெருவில் வைத்துப் பாக்கியசீலனைப் பிடிபிடி என்று பிடித்தார். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் போட்டிருப்பேன்யா, எனக்கு நெனைவில்லய்யா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நீலாவுக்குக் கல்யாணம் ஆகிப் போகும்வரை, தபால் இல்லாத நாளில்கூட எங்கள் வாசலில் நின்று, "நீலாம்மா, இன்னைக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். நான் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனக்கு மூன்று வருடம் கழித்து வேலை கிடைத்தது. சூப்பிரண்டாக ஓய்வு பெற்றேன். நீலா சேரன்மகாதேவியில் வாழ்க்கைப்பட்டு, மளிகைக் கடை வைத்திருந்த புருஷனை ஐம்பது வயதுக்குள் பறிகொடுத்து, தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து ஒரே மகனைப் படிக்க வைத்தாள். சாரம்மாள் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். கல்யாண வீடுகளில் என் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்குள் ஒரு நிம்மதி வரும். இந்தத் தடவையும் யாருக்கும் தெரியவில்லை என்கிற நிம்மதி. கார்டைக் கிழித்ததைவிட அந்த நிம்மதிக்குத்தான் நான் அதிகம் வெட்கப்பட வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது வந்தது.

இந்த வருடம் ஐப்பசியில் என் மகள் விஜயஸ்ரீ பெங்களூரிலிருந்து ஒரு யோசனை சொன்னாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் தங்களிடம் இருக்கிற பழைய கடிதம், போட்டோ, சாமான் எதையாவது எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அவள் எல்லாவற்றையும் படம் எடுத்து அனைவருக்கும் கிடைக்கும்படி செய்வாள். மத்தியானம் சொதிச் சாப்பாடு. "நம்ம வீட்டுக் கம்பி இருக்குல்லப்பா, அதுதான் முக்கியம்" என்றாள்.

பரணிலிருந்து கம்பியை இறக்கித் தூசு தட்டினேன். அவள் வருவதற்கு முன்னால் நாலு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதமாக உருவி வாசித்தேன். ஆர்வத்தினால் இல்லை, பயத்தினால். 1983 ஜூனுக்குப் போனேன். விதை நெல் பற்றி ஒரு இன்லண்ட், வாரியூரிலிருந்து ஒரு காதுகுத்துப் பத்திரிகை, நடுவில் வழக்கமான ஓட்டை. வேறு எதுவும் இல்லை. மறுபடி கோத்து ஆணியில் மாட்டினேன்.

அன்று சாயங்காலமே குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. போட்டவன் கணேஷ்ராம், சிவசைலம் மாமாவின் பேரன், சென்னையில் பாங்க் வேலை. "தாத்தா பீரோவில் ஒரு பொக்கிஷம் கிடைத்தது. அம்பலவாணன் மாமா மட்டும் பயப்படவும்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு போட்டிருந்தான். கீழே பதினெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். நான் உடனே அவனுக்குப் போன் செய்தேன்.

"நீலா அத்தை எழுதுன துட்டிக் கார்டு மாமா. ஆச்சிக்கு வந்தது. தாத்தா இத ஆயுசு கார்டும்பாங்க. லைசென்ஸ் மாதிரி பத்திரமா வச்சிருந்திருக்காங்க."

"வேற என்ன எழுதியிருக்கு மாப்ளே?"

"கையெழுத்து பொடிப்பொடியா இருக்கு மாமா. நான் முழுசா வாசிக்கல."

அந்தக் கார்டில் ஒரு தேதி இருக்கும். நீலாவின் இன்டர்வியூ கார்டு வந்திருக்க வேண்டிய அதே தேதி. அது போதும். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பெரிய மனிதக் குரலில் பேசினேன். "துட்டிக் கார்ட வீட்டுல வச்சிருந்ததே தப்பு மாப்ளே. மாமா விளையாட்டா வச்சிருந்திருக்காவ. பிள்ளைக்குட்டி எல்லாம் கூடுத நல்ல நாள்ல அத வாசிக்க வேண்டாம். கொண்டாந்து எங்கிட்ட குடுத்துரு. முறைப்படி நானே கிழிச்சிருதேன்."

"சரி மாமா, நீங்க சொன்னா சரி" என்றான். நல்ல பையன். போனை வைத்த பிறகுதான், அதே வழக்கத்தை இரண்டாம் தடவையும் துணைக்குக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அறுபத்தாறு வயதில்.

ஞாயிற்றுக்கிழமை தூறலாக இருந்தது. முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கணேஷ்ராம் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பிளாஸ்டிக் உறையை என் கையில் வைத்து அழுத்தினான். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். கடைசி நாலு வரியை மறுபடி வாசித்தேன். நான் தேதியைப் பற்றித்தான் பயந்திருந்தேன். அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள்.

அங்கேயே கிழித்திருக்கலாம். விரல் இரண்டும் கார்டின் ஓரத்தில்தான் இருந்தன. வெளியே நீலாவின் குரல் கேட்டது. "அண்ணன் எங்க? இதப் பாக்கச் சொல்லுங்க." சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் கொண்டு வந்திருந்தது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டை. மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டித் தைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்த முத்திரைகள், இடம் போதாமல் ஒட்டுத்தாள் வைத்து அதிலும் முத்திரைகள்.

"எங்கிட்ட நகையா இருக்கு, பட்டயமா இருக்கு? இதுதான் இருக்கு" என்று விஜயஸ்ரீயிடம் கொடுத்தாள். "அம்பத்தேழு வயசு வரைக்கும் விடாம புதுப்பிச்சேன் பிள்ள. கியூல நிக்குத பிள்ளையெல்லாம் 'வாங்க பாட்டி, முன்ன போங்க'ன்னு வழி விடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அந்தப் பாவி தபால்காரன் மட்டும் ஒழுங்காப் போட்டிருந்தா இந்த அட்டைக்கு ஒரு முத்திரையோட வேலை முடிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு, "செத்தவனச் சொல்லக் கூடாது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாடி ஹாலில் டி.வி.யை விஜயஸ்ரீயின் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். கம்பிக் கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அப்பாவின் கையெழுத்து வந்தபோது ஒன்றிரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். சித்ரலேகா சித்தி தன் கல்யாணப் போட்டோவில் இருந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொன்னாள். நான் பின்வரிசையில் சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, சாப்பிடப் போகலாம் என்று நினைத்த நேரத்தில் விஜயஸ்ரீ கைதட்டினாள்.

"கடைசியா ஒண்ணு. எங்கப்பா பண்ணுன கொலைக்கு ஆதாரம்."

திரையில் கார்டு வந்தது. ஆளுயரத்துக்கு. நான் கணேஷ்ராமைப் பார்த்தேன். அவன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தான். "போன வாரமே போட்டோ அனுப்பிட்டேன் மாமா. நீங்க போன் பண்ணுறதுக்கு முன்னாலயே."

"அத்தை, உங்க கையெழுத்து. நீங்களே வாசிங்க" என்றாள் விஜயஸ்ரீ.

நீலா கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தாள். "கண்ணாடி எடுத்துட்டு வரல பிள்ள. எனக்கு எல்லாம் ஒண்ணா கலங்குது. அண்ணன் வாசிக்கட்டும். அப்பாவுக்கு வார தபாலெல்லாம் அவங்கதான வாசிப்பாவ."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுந்தேன். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தேன். பாதிப்பேர் அதற்கே சிரித்தார்கள். அசலைக் கையில் வைத்திருக்கிறேனாம்.

வாசித்தேன். "திருநெல்வேலி டவுண். 14.6.83. ஞானம்பாள் அத்தைக்கு நீலா எழுதுவது. இன்று காலைத் தபாலில் மாமா காலமான செய்தி வந்தது. அண்ணன் வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டார்கள்." இங்கே ஒரு சிரிப்பலை. "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் வர முடியவில்லை. தலைக்கு ஊற்றக் கூடாது என்பதால் அவர்களுக்கும் சேர்த்து நான் முழுகினேன். நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். மாமா இருந்தால் முதலில் அவர்களுக்குத்தான் சொல்லியிருப்பேன். இப்படிக்கு நீலா."

முடித்துவிட்டுக் கார்டை மடக்கப் போனேன்.

"அப்பா, நடுவுல விட்டுட்டீங்க" என்றாள் விஜயஸ்ரீ. அவள் குரலில் ஒன்றும் இல்லை. பொடி எழுத்து, வயதான அப்பா, அவ்வளவுதான். திரையில் விரலை வைத்து அவளே வாசித்தாள். "அத்தை, துக்கத்தில் இதை எழுதலாமா தெரியவில்லை. என்கூடப் படித்த சாரம்மாளுக்கு நேற்று இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த நம்பர். எனக்கும் இன்று வந்துவிடும் என்று இருந்தேன். இன்று தபாலில் ஒரே ஒரு கார்டுதான் வந்தது. அது இந்தச் செய்தியாக இருந்துவிட்டது. நாளை வந்துவிடும். மாமா இருந்தால் முதலில் அவர்களுக்குத்தான் சொல்லியிருப்பேன்."

"துட்டிக் கார்டுலயும் வேலை ஞாபகம்தான் எங்கத்தைக்கு" என்று கணேஷ்ராம் சொல்ல, மறுபடி சிரிப்பு. சித்ரலேகா சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் நீலாவைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த பதிவு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கலங்கலாகத் தெரிகிற திரையைப் பார்த்தாள். பிறகு என்னை. யாரோ இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள்.

நான் சாப்பிடப் போகாமல் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றின் மேல் இப்போது கம்பிவலை போட்டு மோட்டார் வைத்திருக்கிறது. அவள் பின்னாலேயே வந்தாள். வருவாள் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்கு வந்த கார்டு கைல எழுதினதா, அச்சடிச்சதாண்ணே?" என்றாள். சத்தம் போடவில்லை. கடையில் விலை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

கையெழுத்து புரியாமல்தான் சிவசைலம் என்று வாசித்துவிட்டேன் என்பது நான் நாற்பத்தோரு வருடமாகச் சொல்லிவந்தது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவதுபோல் காட்டிக்கொண்டு போயிருப்பாள் என்றுகூட நினைக்கிறேன்.

"அச்சடிச்சது" என்றேன்.

அவள் கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்னைக்கு வரச் சொல்லியிருந்துச்சு?"

"இருபதாம் தேதி. காலைல பத்து மணி. அசல் சர்டிபிகேட்டோட."

"இருபது" என்றாள். "திங்கக்கிழமை. அன்னைக்கு நான் அப்பாவைக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போனேன். அந்த ஆபீசு வாசல் வழியாத்தான் பஸ்ஸு போச்சு. சாரம்மா உள்ள இருப்பான்னு எட்டி எட்டிப் பாத்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். "எனக்குப் பொறாமைம்மா. வேற ஒண்ணும் இல்ல. உனக்கு முந்தி எனக்கு வரணும்னு இருந்துச்சு. கிழிச்ச சத்தம் அப்பாவுக்குக் கேட்டுருச்சு. அதுக்கப்புறம் என்ன செய்யன்னு தெரியல." இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. இருக்கவில்லை.

"பாக்கியசீலன் அண்ணாச்சி தெனமும் வந்து நிப்பாவ. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போவேன். எம்புட்டு வருசம்." அவள் தனக்குத்தானே பேசினாள். தூறல் வலுத்தது. இரண்டு பேரும் நகரவில்லை. "இந்தக் கிணத்துல அன்னைக்குத் தண்ணி அடியில கெடந்துச்சு. கை காந்தக் காந்த எறச்சேன். அப்பாவுக்கும் சேத்து ஏழு வாளி ஊத்திக்கிட்டேன். மாமா திரும்பி வந்து நின்னப்ப, அப்பம் நாம யாருக்குடா முழுகுனோம்னு எல்லாரும் சிரிச்சோம்லா. இப்பம்லா தெரியுது யாருக்குன்னு."

நான் அவள் காலில் விழப் போனேன். குனிந்தவனைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். பாசத்தினால் இல்லை. அதை அவள் கை சொன்னது.

"அதெல்லாம் வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லி முடிச்சுக்கிடலாம்னு பாக்காதிய. இந்தக் கதைய இனி ஒரு கல்யாண வீட்டுலயும் நான் உக்காந்து கேக்க மாட்டேன். உள்ள போயி முழுசாச் சொல்லுங்க. உங்க மக இருக்கால்லா, அவ முன்னாலயே சொல்லுங்க."

"சாப்பிட்டுட்டு இருக்காவளே நீலா."

"சாப்பிடட்டும். எப்பமும் அப்பந்தான சொல்லுவிய."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். இலையில் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துப் பாதிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கணேஷ்ராம் தன் பக்கத்து இலையைக் காட்டி, "மாமா, வாங்க. உங்களத்தான் தேடுதோம். கொலைகாரர் வாயாலயே கதைய ஒரு தடவ கேக்கணுமாம் இவங்களுக்கு" என்றான். புதிதாகக் கல்யாணமான அவன் மனைவி வெட்கத்தோடு சிரித்தாள். விஜயஸ்ரீ பரிமாறுவதை நிறுத்திவிட்டு, வாளியும் கரண்டியுமாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா கதை சொல்வதை அவள் சின்ன வயதிலிருந்து ரசிப்பாள். இனி என்னை அப்படிப் பார்க்க மாட்டாள்.

நீலா கதவோரம் நின்றாள். தலையில் தூறல் இறங்கி முன்நெற்றி முடியெல்லாம் ஈரமாக ஒட்டியிருந்தது. பதிவு அட்டையை நனையாமல் முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"அன்னைக்கு வந்தது துட்டிக் கார்டு இல்ல" என்றேன்.

பந்தி முழுக்கச் சிரித்தது. கதையில் புதிதாக ஒரு இடம் சேர்த்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். விஜயஸ்ரீதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். "அப்போ என்ன கார்டுப்பா?" என்றாள்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். நீலா சிரிக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.